கோலின் போட்ட தேதி

எங்கள் அலுவலகத்தில் யாருடைய பிறந்தநாளையும் நான் மறந்ததில்லை. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் தரைவிரிப்பு விற்கும் சின்ன நிறுவனம். பணியாளர் விவகாரங்கள் என் பொறுப்பு. வாழ்த்து அட்டைகளை முன்கூட்டியே வாங்கி இழுப்பறையில் வைத்திருப்பேன். வேலையை விட்டுப் போகிறவருக்கும் ஒரு அட்டை உண்டு. உறையில் போட்டு, அவர் கண்ணில் படாமல் மேசை மேசையாகச் சுற்றுக்கு விடுவேன். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். அட்டை வந்தால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் இங்கே மரியாதை.

மோரீன் பிக்கர்ஸ் எங்களிடம் பதினொரு வருடம் வேலை பார்த்தார். தங்கமான மனுஷி. நரம்பு நோய் வந்து ஊன்றுகோல் பிடித்ததும் கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். கீழ்த்தளத்தில் மேசை வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும் என்று. சட்டப்படி கொடுக்க வேண்டியவைதான். ஆனால் ஒருவருக்கு இளகினால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் நீக்கினால் வழக்கு. அவராகவே போனால் கேக் வெட்டலாம்.

லிஃப்ட் பழுது என்று பலகை மாட்டினேன். நாற்பத்திரண்டு படிகள். தினமும் அவருடைய தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே ஏறினேன்.

"பாவம் டெரெக், என்னால உங்களுக்கும் கஷ்டம்," என்பார்.

மூன்றாவது வாரம் படியில் விழுந்தார். மருத்துவமனையிலிருந்தே ராஜினாமா வந்தது. பூங்கொத்தோடு போய், எல்லோரும் கையெழுத்துப் போட்ட அட்டையை நானே கொடுத்தேன். பிறகு வழக்குப் போட்டு, அதைத்தான் தீர்ப்பாயத்தில் நீட்டினார். வரவேற்பில் இருக்கும் கோலினுக்குக் கையெழுத்தின் கீழே தேதி போடும் பழக்கம். எனக்கு அது தோன்றவே இல்லை.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ஹாலம், லிஃப்ட் பத்தாம் தேதி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க. மூணாம் தேதியே அட்டையில கையெழுத்து விழுந்திருக்கு. அவங்க போகப்போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மழுப்பாமல் சொல்லிவிட்டேன். லிஃப்ட் கெடவே இல்லை. நான்தான் நிறுத்தினேன். சாவி என் இழுப்பறையில், அட்டைகளுக்கு அடியில் இருந்தது. விழுவார் என்றும் தெரியும். கொஞ்சம் சீக்கிரமே விழுவார் என்று நினைத்தேன்.

மோரீனால் இனி நடக்க முடியாதாம். தீர்ப்பு முடிந்து அவர் சக்கர நாற்காலியில் வெளியே வந்தபோது, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போனார். பதினொரு வருடப் பழக்கம். அதுதான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.