மூன்று நாள் மௌனமும் ஒரு வெள்ளைக் கட்டை விரலும்

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழுவில், நம் கட்சிக் கூட்டணியின் ஆலோசகராக இருபத்தோராண்டு அமர்ந்திருந்து, இன்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழும் திருமதி ரஸ்மா வீத்தோலா அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமாரப் படிக்கும் மடல்.

இருப்புப்பாதை ஈன்ற எஃகு மகளே!

லாட்வியாவின் கிழக்குக் கோடியில், ரேசெக்னே சரக்கு நிலையத்தில், தண்டவாளத்துப் பனியைத் தாயார் மண்வெட்டியால் தள்ள, பெட்டிகளைப் பிணைக்கும் கொக்கியைத் தந்தையார் தோள்கொடுத்துத் தூக்க, அந்த இரும்பின் இரைச்சலையே தாலாட்டாகக் கேட்டுத் தூங்கியவர் தாங்கள். படித்துப் பட்டம் பெற்று, பிரஸல்ஸ் நகரத்துப் பளபளக்கும் மேசைக்கு வந்து சேர்ந்த பின்னும் பாரம் என்றால் என்ன என்பதைத் தாங்கள் மறக்கவில்லை; எங்களையும் மறக்க விடவில்லை.

இத்தகைய மடல்களில் கொஞ்சம் பொய் கலப்பது வழக்கம். இதில் கையெழுத்திட்டிருப்பவர்களில் ஒருவர் சுரங்கத் தொழிலாளியின் மகள். ஒருவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகன். பொய்ப் புகழுக்கு எங்கள் நாக்கு வளையாது. ஆகவே உள்ளதை முதலிலேயே உரைத்துவிடுகிறோம்: தாங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம் உண்டு, வருத்தத்தைவிட நிம்மதி அதிகம். எடுத்த சுமையை இறக்கிவைத்துவிட்டுத் தாங்கள் போகிறீர்கள் என்ற நிம்மதி அது. நாளை முதல் எங்கள் வாக்கியங்களை யாரும் தராசில் வைக்க மாட்டார்கள் என்ற நிம்மதியும் அதில் ஓர் ஓரமாக இருக்கிறது, அதை மறைப்பானேன்?

சொல்லுக்குச் சுமைகூலி கேட்டவரே!

‘உறுப்பு நாடுகள் ஒத்துழைப்பை உறுதியுடன் வலுப்படுத்த வேண்டும்’ என்று நாங்கள் ஒப்பனை செய்து ஒரு வரியை எடுத்துவந்தால், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாங்கள் கேட்டது எப்போதும் ஒரே கேள்வி:

“வலுப்படுத்தணும், சரி. தூக்குறது யாரு?”

எதை, எங்கிருந்து எங்கே, எந்தப் பாலத்தின் மேல், அந்தப் பாலம் டாங்கியின் எடையைத் தாங்குமா, தாங்காவிட்டால் சுற்றுவழி எது என்று ஒவ்வொன்றாக விசாரித்து, விடை இல்லாத வரியைச் சிவப்புப் பென்சிலால் சீவித் தள்ளுவீர்கள். பக்கம் பக்கமாய் வந்த பொதுப் பாதுகாப்புக் கொள்கைகள் தங்கள் மேசையில் பாதியாய் மெலிந்தன. மெலிந்த பின்னரே நடக்கத் தொடங்கின.

கட்டை விரலால் காரியம் நடத்தியவரே!

இந்த மன்றத்து வழக்கம் நமக்குப் புதிதல்ல. நூற்றுக்கணக்கான திருத்தங்கள் ஒரே காலைப்பொழுதில் வாக்குக்கு வரும். தலைவர் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் கைகள் எழ வேண்டும். காகிதத்தைத் தேடும் உறுப்பினர் அதைக் கண்டெடுப்பதற்குள் மூன்று திருத்தம் தாண்டிப் போயிருக்கும். ஆகவே அவர்கள் காகிதத்தைப் பார்க்கவில்லை. தாங்கள் உயர்த்தும் கட்டை விரலையே பார்த்தார்கள். மேலே நின்றால் ஆம். கீழே கவிழ்ந்தால் இல்லை. உள்ளங்கை விரிந்தால் நடுநிலை. சைகை காட்டும் பொறுப்புள்ள ஒருங்கிணைப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் அந்த வேலையைத் தங்கள் விரலிடமே விட்டுவைத்தார்கள். பேச உரிமையற்ற பணியாளர் ஒருவரின் ஊமை விரல், அந்த அறையில் நாம் அமரும் வலப்பக்கம் முழுவதையும் எழுப்பி உட்கார வைத்தது. அதிகாரம் என்று இதைச் சொன்னால் தங்களுக்குக் கோபம் வரும். சிக்னல் கம்பம் என்பீர்கள். கம்பத்துக்கு ரயில் சொந்தமில்லை என்பீர்கள்.

தங்கையின் பொருட்டுத் தளராதவரே!

சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஊரில் ஒரு பெரிய போர் ஒத்திகை நடந்தது. எல்லையில் தாக்குதல் நடந்ததாகப் பாவனை. மேற்கிலிருந்து நட்பு நாடொன்றின் மருத்துவப் படை விரைந்து வந்து காயம்பட்டோரைக் காப்பதாகத் திட்டம். ஊர்மக்கள் காயம்பட்டவர்களாக நடிக்க முன்வந்தார்கள். தங்கள் தங்கை வெல்டாவும் வயிற்றில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு பள்ளி மைதானத்தில் தூக்குப் படுக்கையில் படுத்திருந்தார். வைத்தியர்கள் வரவில்லை. அவர்களுடைய வண்டிகள் வழியில் இருந்த நாட்டின் எல்லையில் நின்றன. அங்கே அனுமதி தர வேண்டிய அலுவலகம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் காயம்பட்டவர்கள் எல்லோரும் எழுந்து, சாயத்தைக் கழுவிக்கொண்டு, அவரவர் வீட்டுக்கு நடந்து போனார்கள். அன்று மாலை தொலைபேசியில் வெல்டா சொன்னதைத் தாங்கள் எங்களிடம் முகம் மாறாமல் அப்படியே சொன்னீர்கள்:

“அக்கா, நான் செத்துட்டேன். உங்க ஆளுங்க இன்னும் எல்லையிலதான் நிக்கிறாங்க.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். தாங்கள் சிரிக்கவில்லை. ரேசெக்னேயிலிருந்து கிழக்கு எல்லை எவ்வளவு பக்கம் என்று தங்களுக்குத் தெரியும். அடுத்த முறை சாயமாக இராமற்போகலாம் என்பதும் தெரியும். மறுநாள் காலை தங்கள் மேசையில் ஒரு பத்தி இருந்தது. தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவப் போகும் படை வழிகேட்டால், வழியிலுள்ள நாடு மூன்று நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மௌனம் சம்மதம். அவ்வளவுதான் அந்தப் பத்தி. அன்றிலிருந்து அதுவே தங்கள் உயிர்.

எதிரியையும் உடன் எழுத வைத்தவரே!

அந்தப் பத்திக்கு முதல் எதிர்ப்பு நம் கூட்டணிக்குள்ளிருந்தே வந்தது. அயர்லாந்து உறுப்பினர் கோர்மக் டெவானி அவர்கள், எந்தப் படைக் கூட்டணியிலும் சேராத நாட்டின் பிள்ளை, நம் காப்பிக் கூடத்தில் தங்கள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, ஒருத்தன் என் வீட்டுக் கதவைத் தட்டுறான், நான் பதில் சொல்லல. அதுக்காக உள்ள வான்னு அர்த்தமா?”

“பக்கத்து வீடு எரியுறப்போ தட்டினா, ஆமாங்க ஐயா.”

“எரியுதுன்னு யாரு சொல்றது? தட்டுறவனேவா?”

அவர் போன பிறகும் கரண்டியால் வெறும் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள். அடுத்த நாள் பத்தியில் ஒரு வரி கூடியிருந்தது: தாக்கப்பட்ட நாடே வாய்திறந்து உதவி கேட்டிருக்க வேண்டும். எரிகிற வீட்டுக்காரர்தான் கூப்பிட வேண்டும். அந்த வரி டெவானி அவர்களுடைய கேள்விக்குப் பிறந்த குழந்தை என்று ஊரறியச் சொன்னீர்கள். அப்படியும் அவர் இசையவில்லை. பத்தியையே நீக்கச் சொல்லி ஒரு திருத்தம் கொடுத்தார். நாளெல்லாம் வாதாடினீர்கள், ஒரு நாளும் ஒருவரையொருவர் வைததில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம்தான் அந்த வினை வந்தது. மாதந்தோறும் மன்றக் கூட்டத்துக்காக நாம் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்கு மூட்டை கட்டுகிறோம். காகிதப் பெட்டிகள் நடைபாதையில் வரிசையாக நிற்கும். அவற்றைத் தூக்க ஆட்கள் உண்டு. தாங்கள் காத்திருக்க மாட்டீர்கள். சொந்தப் பெட்டியைத் தாங்களே தூக்கப்போய், மூடி சரிந்து, வலது கட்டை விரல் முறிந்தது. வைத்தியர் மாவுக்கட்டுப் போட்டார். விரலை நேராக மேல்நோக்கி நிறுத்திப் போட்டார். கழுத்திலிருந்து தூளி கட்டி, நெஞ்சுக்கு நேரே, சுண்ணாம்புத் தூண் போல அது நின்றது. இனி அம்மாவால் யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று நாங்கள் கேலி பேசினோம். அந்தக் கேலி பலிக்கும் என்று யார் கண்டது?

வாக்கெடுப்பு நாளன்று இடக்கையை உயர்த்தி இடக் கட்டை விரலால் சைகை காட்டினீர்கள். முதலில் வந்தவை எல்லாம் ‘ஆம்’ என்பவை, குறையேதும் தெரியவில்லை. பிறகு டெவானி அவர்களின் நீக்கத் திருத்தம் வந்தது. தங்கள் இடது விரல் கவிழ்ந்தது. முன்வரிசை அதைக் கண்டது. பின்வரிசைகளுக்கோ, தலைகளுக்கு இடையே தெரிந்தது நெஞ்சுயரத்தில் விளக்குப் போல ஒளிர்ந்த வெள்ளைக் கட்டை விரல் ஒன்றுதான், வானத்தைப் பார்த்தபடி! நம் ஆட்களின் கைகள் மளமளவென்று எழுந்தன. தலைவர் ஒரு பார்வை பார்த்தார். நீக்கத் திருத்தம் நிறைவேறிற்று என்றார். தங்கள் பத்தி செத்தது. கொன்றது தங்கள் விரலேதான்.

பணியாளருக்கு அந்த அறையில் வாய் இல்லை. மறுமுறை எண்ணச் சொல்லும் உரிமை உறுப்பினருக்கே உண்டு. நம் உறுப்பினர்களோ தாம் செய்தது சரியென்றே நம்பி அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தார்கள். தங்கள் முகம் வெளுத்து, கட்டும் முகமும் ஒரே நிறமாயிற்று. தலைவர் அடுத்த எண்ணுக்கு வாய் திறந்தார்.

அப்போது எழுந்தது ஒரு கை. டெவானி அவர்களின் கை.

தலைவரே, எண்ணிக்கையில் எனக்கு ஐயம், மேசைப் பொத்தானை அமுக்கவைத்து மறுபடி எண்ணுங்கள் என்றார். நீங்கள்தானே ஐயா வென்றிருக்கிறீர்கள் என்று தலைவர் விழித்தார். டெவானி அவர்கள் நம் பக்கம் திரும்பிச் சொன்னார்: “அம்மா, முதல்ல அந்த வெள்ளக் கைய எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க.”

எங்களில் ஒருவர் தம் மேலங்கியைக் கழற்றித் தங்கள் வலக்கையை மூடினார். அறை சிரித்தது. இடது விரல் கவிழ்ந்தது. பொத்தான்கள் அமுங்கின. நீக்கத் திருத்தம் வீழ்ந்தது, பத்தி பிழைத்தது. பத்திக்கு எதிராகவே டெவானி அவர்கள் வாக்களித்தார், கடைசி வரை.

பின்னர்க் காப்பிக் கூடத்தில் தாங்கள் அவரிடம் கேட்டீர்கள்: “ஏன் ஐயா? சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்களே.”

“சும்மா இருந்தா சம்மதம்னு நீங்கதானம்மா எழுதி வெச்சிருக்கீங்க. மாவுக்கட்டு ஜெயிச்சதுக்கு நான் சம்மதிக்கல.”

இருபத்தோராண்டில் தங்கள் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியத் தாங்கள் சிரித்ததை நாங்கள் கண்டது அந்த ஒரு தரம்தான்.

நாங்கள் உள்ளதையே பேசுவோர். நாடாளுமன்றம் முன்மொழியலாம்; அதனால் ஒரு வண்டியையும் நகர்த்த முடியாது. அந்தப் பத்தியை அரசுகள் வாங்கி, உருட்டிப் புரட்டி, கரைத்துக் குறைத்து, ஒருவழியாக ஒப்புக்கொள்ளும்வரை தாங்கள் ஒவ்வொரு கதவையும் தட்டினீர்கள். பதில் சொல்லாத கதவை மறுபடி தட்டினீர்கள். ஓய்வு வயது வந்தும் ஓராண்டு நீட்டிப்புக் கேட்டு இருந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, “ஒத்திகை ஒண்ணு பாக்கி இருக்கு” என்றீர்கள்.

அது இந்த வசந்தத்தில் நடந்தது. அதே ஊர், அதே மைதானம், அதே தூக்குப் படுக்கை, அதே வெல்டா. வழியிலிருந்த நாட்டின் அலுவலகம் இம்முறையும் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் முடிந்தது, மௌனம் சம்மதமாயிற்று, வண்டிகள் புறப்பட்டன. நாங்கள் எல்லோரும் வேலை செய்வதாகப் பாவனை செய்துகொண்டு தங்கள் தொலைபேசியையே பார்த்திருந்தோம். அது அடித்தது. வெல்டாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அக்கா, பொழைச்சுட்டேன். சாயம்கூட இன்னும் காயல.”

எல்லோருடைய காப்பிக் கோப்பைகளையும் பொறுக்கிக்கொண்டு கழுவப் போனீர்கள். அரைமணி நேரம் கழுவினீர்கள். அன்று மாலையே ஓய்வு மனுவில் கையெழுத்திட்டீர்கள்.

பாரம் இறக்கிய பண்பாளரே!

இனி விடியலில் எழுப்ப மணியடிக்க வேண்டாம். தங்கள் ஊர்ப்பக்கத்து ராஸ்னா ஏரிக்கரையில் வெயில் முதுகில் ஏறும்வரை உறங்குங்கள். புகையிட்ட மீனும் கறுப்பு ரொட்டியும் தங்கையின் கையால் உண்ணுங்கள். பனிக்காலத்தில் அந்த விரல் வலிக்காதிருக்கட்டும். முழங்கால் மடக்கினால் மடங்கி, நிமிர்த்தினால் நிமிரட்டும். வெல்டாவுக்கு இனிமேல் ஒரு நாளும் சாயத்துக்கு வேலை இராதிருக்கட்டும். தங்கள் பெட்டி இன்னும் நடைபாதையில்தான் நிற்கிறது. தூக்குவது யார் என்று கேட்க வேண்டாம், நாங்கள்தான்.

இறுதியாக ஓர் ஒப்புதல் விவரம். விழா வேண்டாம், மடல் வேண்டாம், மாலை வேண்டாம் என்று தாங்கள் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிவந்தது எங்கள் காதுக்கும் எட்டியது. ஆகவே முறைப்படி எழுதிக் கேட்டோம்: மடல் வாசிக்க அனுமதி உண்டா? தாங்கள் பதிலே சொல்லவில்லை. மூன்று நாள் பொறுத்தோம். பிறகு தங்கள் பத்தியின்படியே வாசித்துவிட்டோம்.

எல்லை கடந்த அன்புடன்,
பாதுகாப்புக் குழுவில் தங்கள் விரல் பார்த்து வேலை செய்தோர்,
பிரஸல்ஸ்.

(பத்திக்கு இன்றும் எதிர்ப்பு, மடலுக்கு முழுச் சம்மதம் என்று எழுதி, உறுப்பினர் கோர்மக் டெவானி அவர்களும் இதன்கீழ் ஒப்பமிட்டுள்ளார்.)