வயிறு விழுந்த எட்டு

ஒரு நாற்காலி போதாமல் இரண்டைச் சேர்த்துப் போட்டு அமர்ந்திருக்கும் துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர், என் அன்பு அண்ணன் எரிபெர்த்தோ அவர்களே, குவயாகில் நகரின் கொக்கோ மூட்டைகளைச் சுமந்து சுமந்து தோள் அகன்ற பெரியோர்களே, கொக்கோவோடு கணவன்மாரையும் வெயிலில் காயவைக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் மேலாக, தன்னைப் பற்றி என்ன உளறப்போகிறானோ என்று விசிறியால் முகத்தை மறைத்திருக்கும் நம் எழுத்தின் தாய் நின்ஃபா லிந்தாவோ அவர்களே, தலை தாழ்ந்து வணங்குகிறேன்.

எப்படிப்பட்ட எழுத்து அது? தகரத்தில் வெட்டி, தூரிகையில் தொட்டு, மூட்டைமேல் மொத்தி எடுக்கும் எழுத்து. தடித்த எழுத்து, தயவு தாட்சண்யம் இல்லாத எழுத்து. வளைவு வேண்டிய இடத்தில் மூலையை நறுக்கிவிட்டு, 'இது போதும் உனக்கு' என்று சொல்லும் எழுத்து. மூட்டையில் பிறந்து, படகின் விலாவில் ஏறி, பேருந்தின் முதுகில் ஏறி, எரிவாயு உருளையின் வயிற்றிலும் ஏறிய எழுத்து. தேவாலய நாற்காலிகள் இன்னும் தேவாலயத்திலேயே இருப்பது எதனால்? முதுகில் அந்த எழுத்து இருப்பதால். சிரிக்கிறீர்கள். யார் வீட்டில் இரண்டு இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த எழுத்துகளுக்குக் குறுக்கே ஓர் இடைவெளி ஓடுகிறதே, அதை அடைக்கச் சொன்ன அறிவாளி ஒருவன் உண்டு. யார் அவன்? ஆம், பின்வரிசை அன்பர் சரியாகத்தான் கை நீட்டுகிறார். நானேதான்.

மலைநகர் கீட்டோவிலிருந்து கொக்கோக் கிடங்குக்கு மேற்பார்வையாளனாக இறங்கி மூன்றாம் நாள். கழுத்துப்பட்டை கட்டியிருந்தேன். இந்த வெக்கையில். மூட்டைக் குறிகளுக்குத் தகடு வெட்டும் நின்ஃபாவின் மேசைமுன் நின்று கேட்டேன்.

"ஏம்மா, எழுத்தெல்லாம் உடைஞ்சு கிடக்கே?"

"உடையல இஞ்சினியரே. அந்த இடத்துலதான் தகரம் நிக்குது. அத வெட்டினா எட்டோட வயிறு கழண்டு கீழ விழுந்துடும்."

"வாங்குறவன் என்ன நினைப்பான்? எழுத்துல ஓட்டைன்னா மூட்டையிலயும் ஓட்டைம்பான். அடைச்சிடு."

"சரி, ஒரே ஒரு மூட்டையில அடிச்சுப் பாத்துக்கலாமா?"

"பாக்க என்ன இருக்கு? எல்லாத்துலயும் அடி."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். மீன்சூப் குடிக்கப் போய்விட்டேன்.

அன்று ஏற வேண்டியவை இரண்டு ரகம். பூமணம் வீசும் உயர்ந்த கொக்கோவுக்குக் குறி B08. சாதாரணத்துக்கு D80. நம் எழுத்தில் B-க்கும் இடுப்பு கிடையாது, எட்டுக்கும் இடுப்பு கிடையாது. நடுவில் உள்ள ஓட்டைகளை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். தாங்கும் தகரத்தை வெட்டியதும் நடுத்துண்டுகள் விழுந்து, அந்த ஓட்டைகள் போன பிறகு? திரும்பி வந்து பார்த்தேன். நானூறு மூட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று கறுப்புச் செங்கல். அதற்குள் தலைவர் அவர்களின் ஆட்கள் இரண்டு ரகத்தையும் ஒன்றாகவே அடுக்கியும் விட்டார்கள்.

கப்பலின் பரிசோதகர் அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இது என்ன மொழி?"

நம் தலைவர் தொப்பியைக் கழற்றினார். "கீட்டோ மொழிங்கம்மா. மலையில இப்படித்தான் எழுதுவாங்களாம்."

ஆற்றில் நீரேற்றம் வடிவதற்குள் கப்பல் புறப்பட வேண்டும். மூட்டை மூட்டையாய்த் துளையிட்டு, கொட்டையை வெட்டி, முகர்ந்து பிரித்தார்கள். நானும் முட்டி போட்டேன். கழுத்துப்பட்டையால் வியர்வை துடைத்தேன். நின்ஃபா புதுத் தகடு ஒன்றை என் முன் வைத்தார்.

"எட்டு நீங்க வெட்டுங்க."

எட்டின் வயிற்றைத் தாங்கும் தகரப் பாலத்தை மெலிதாக, அழகாக விட்டேன். மூன்றாம் அடியில் கிழிந்தது. அடுத்ததில் கட்டைவிரல் அளவு விட்டேன். எட்டு எலும்புக்கூடாகத் தெரிந்தது. அவர் கத்தியை வாங்கி, சுண்டுவிரல் அகலத்தில் நேர்கீழாக இரண்டு பாலம் விட்டு வெட்டினார். தாங்கியது, படிக்கவும் முடிந்தது. மூட்டைகளைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தில் அடித்தோம். கடைசி மூட்டை ஏறும்போது ஆறு வடியத் தொடங்கியிருந்தது.

முதலாளி வந்தார். "யாரு சொல்லி இப்படி நடந்துச்சு?"

"நான்தாங்க," என்றேன். என் நேர்மையில் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. நின்ஃபா என்னைக் காப்பாற்றுவார் என்றும் ஒரு நப்பாசை.

"ஆமாங்க," என்று அவர் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். "கையெழுத்தோட இருக்கு."

ஒரு மாதம் தகடு கழுவும் தண்டனை. மண்ணெண்ணெயில் ஊறிய அந்த மாதத்தில்தான், அன்பர்களே, நான் படித்தவனானேன்.

பிறகு அந்தப் பெருமழை ஆண்டு வந்தது. நகரின் தாழ்வான குவாஸ்மோ பகுதித் தெருக்களில் படகு ஓடியது. பம்புக்கு டீசலும் குடிக்கத் தண்ணீரும் ஒரே மாதிரி நீலப் பீப்பாய்களில் வந்தன. சுண்ணாம்பில் எழுதினால் மழை அழித்தது. காகிதம் ஒட்டினால் கரைந்தது. நின்ஃபா ஓரடி உயரத்தில் வெட்டினார், நம் மொழியில் தண்ணீருக்கு நான்கே எழுத்து: AGUA. தார் மையில் அடித்தார். மறுநாள் நான் படகோட்டிப் போகிறேன். கூரைமேல் நின்ற மனிதர்கள் இரண்டு தெரு தள்ளியிருந்தே படிக்கிறார்கள். பள்ளி வாசலை மிதிக்காத பாட்டனும் அதன் உருவம் பார்த்துக் குடம் நீட்டுகிறான். ஒரு குழந்தையாவது பீப்பாய் மாறிக் குடித்ததா? ஒன்றுகூட இல்லை.

துறைமுகம் முழுவதும் இனி இந்த எழுத்தே என்று இன்று அறிவிக்கிறார்கள். நல்லது. ஆனால் அறிவிப்பை விடப் பெரிய சான்று ஒன்று இந்த மண்டபத்தில் இருக்கிறது. அந்த மழையில் அந்தப் பீப்பாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.

மெதுவாக. அவசரம் இல்லை. தாய்மார்கள் பக்கம் முழுவதுமா? கதவோரத்திலும் நிற்கிறீர்களே.

நின்ஃபா, விசிறியை இறக்குங்கள். திரும்பிப் பாருங்கள்.

என் பேச்சு இதற்குமேல் எதற்கு? பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், நடுவில் கேலி செய்தவர்களுக்கும் என் நன்றி. நின்றபடியே இருங்கள், உங்கள் எல்லாரையும் இப்படியே வணங்கி விடைபெறுகிறேன்.