எமிஸின் கண்கள்

1994 ஆகஸ்ட். எஹெலியகொடைக்கு மேலே றப்பர்த் தோட்டத்து மண்பாதை. இரவு பதினொரு மணி. வான் வண்டியில் ஆரியதிலக மட்டும்… பக்கத்து இருக்கையில் அவருடைய பை. போர்மலின் போத்தல், வளைந்த ஊசி, இடுக்கி, பஞ்சு. பள்ளத்தில் சக்கரம் விழும்போதெல்லாம் போத்தல் கிணுங்கியது.

எங்களோடு வேலை செய்யும் பந்துலவின் பெரியப்பாதான் இந்த ஆரியதிலக. மலர்ச்சாலையில், அதாவது ஈமக்காரியம் செய்துகொடுக்கும் கடையில், பிணம் பதப்படுத்துகிறவர். அவர் கை பட்டால் செத்தவர் தூங்குவது போலிருக்கும் என்று ஊரில் பெயர்.

அன்று காலை அவர் ஒரு காரியம் செய்திருந்தார். ஊர்ப் பிரபுக்களின் வளவு வீட்டில் செத்துப்போன அம்மாவை மாலையே அடக்கம் செய்ய வேண்டும். கண்மூடி கைவசம் இல்லை. இமைக்குள் வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம் அது. மேலே முள்முள்ளாக இருக்கும், இமை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் வளவுச் சொந்தக்காரர்கள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள்.

செத்துக்கிடந்த றப்பர் வெட்டும் எமிஸுக்கு முதல்நாள்தான் ஒரு சோடி வைத்திருந்தார். சின்னக் கண். அதற்காக ஒன்றின் விளிம்பைக் கத்தரித்தும் இருந்தார். பவுடர் பூச வந்ததாகச் சொல்லி, எமிஸ் வீட்டில் திரையை இழுத்துவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டார். பதிலுக்குப் பஞ்சு. ஏழை வீடு… யார் பார்க்கப் போகிறார்கள்?

மாலையில் அந்தச் சோடி வளவு அம்மாவோடு மண்ணுக்குள் போனது.

இரவில் எமிஸின் அண்டை வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். "எமிஸ் கண்ணத் திறந்திட்டான் ஐயா. ஒருக்கா வாங்கோ."

போனபோது முற்றத்தில் பிணத்துக்கு இரவு விழித்திருப்பவர்களின் சீட்டாட்டம் நின்றிருந்தது. உள்ளே போர்மலின் நெடி, இஞ்சித் தேநீர் வாசம். பெட்டியருகே மகன் நிமல்சிறி முழங்காலில். அப்பாவோடு கோபித்துக்கொண்டு போனவன், சாவுக்குத்தான் திரும்பியிருந்தான்.

"உன்னத்தான் தேடுறான் மனுசன்," என்றார் ஒருவர்.

"உயிரோட இருக்கேக்க வழி தெரியேல்லையாக்கும். இப்ப மூக்கச் சிந்துறார் தொர."

"அப்பச்சி… என்ர பிழைதான் அப்பச்சி…" என்று தகப்பனைக் கூப்பிட்டு அழுதான் நிமல்சிறி.

பஞ்சு காய்ந்து நழுவியிருக்கும். ஆரியதிலகவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் பையன் எழுந்துவிடுவான். சொன்னால் தம் பெயர் போய்விடும். "எல்லாரும் வெளிய நில்லுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

திரையை இழுத்தார். இடுக்கியால் இமையைத் தூக்கினார்.

பஞ்சு இல்லை.

டிக்… பிளாஸ்டிக்கில் இடுக்கி பட்டது. வெளியே எடுத்தார். கண்மூடி. கத்தரித்த விளிம்பு. முள்களுக்கு நடுவே ஈரச் செம்மண். புதிதாக வெட்டிய குழியின் வாசம்… மற்றக் கண்ணிலும் அப்படித்தான்.

திரும்ப வைத்து, விரலால் இமைகளை இழுத்துவிட்டார். நின்றன.

திரைக்கு வெளியே நிமல்சிறி காத்திருந்தான். "அப்பச்சி கண்ண மூடிட்டாரா ஐயா? என்ன மன்னிச்சிட்டாரா?"

"ஓம்."

அவன் அவர் காலில் விழுந்து கும்பிட்டான். கும்பிடுகிறவன் தலையில் கை வைக்க வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வைத்தார். எடுத்தபோது அவன் முடியில் விரல் தடமாகச் செம்மண் ஒட்டியிருந்தது.

மறுநாள் எமிஸை அடக்கம் செய்தார்கள். கண்கள் மூடியே இருந்தன. பெட்டியை மூட ஆரியதிலக வரவில்லை; மலர்ச்சாலையிலிருந்து வேறு ஆள் வந்திருந்தார்.