ரிவர்ஸ் கேமராவில் தெரிந்த கை

என் பெயர் ரேகா, வயது 37, கணவர் பெயர் ரமணா. திருப்பதி மாவட்டம் புத்தூரில் நகரி ரோட்டில் குடியிருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துள்ளேன். லாரிகளுக்கும் ட்ரெய்லர்களுக்கும் விளக்கு, ஹாரன், ஜி.பி.எஸ்., கேமரா விற்று நானே பொருத்தியும் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட ட்ரெய்லரின் உரிமையாளரும் டிரைவருமான கோபிகிருஷ்ணன் என் வாடிக்கையாளர், உறவினர் அல்ல.

சென்ற மாதம் அவர் கடைக்கு வந்து, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பீப் சத்தம் போடும் ஹாரன் வேண்டும் என்று கேட்டார். எங்கே லோடு ஏற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு கிரானைட் பட்டறையில் என்றார். கல் அறுக்கும் மெஷின் ஓடும் இடத்தில் அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது என்பதால் கேமரா வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒயர் இல்லாத கேமராவில் ட்ரெய்லர் நீளத்துக்குப் படம் விட்டுவிட்டு வரும் என்று விளக்கி, ஒயர் உள்ளதையே தேர்ந்தெடுத்தேன். ட்ரெய்லரை முன்வண்டியிலிருந்து கழற்றும்போது ஒயரும் கழல வேண்டும் என்பதால் சுருள் கேபிளும் பிளக்கும் வைத்தேன். ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் திரையில் பின்பக்கம் தெரியும். சினிமா, பாட்டு எதுவும் அதில் வராது. படத்தைப் பதிவு செய்யும் வகையையும் காட்டினேன். "பாக்கறதுக்குத்தானேக்கா, சேத்து வெச்சி இன்னா பண்ணப்போறேன்" என்று வேண்டாம் என்றுவிட்டார்.

அதன் பிறகு, ட்ரெய்லர் பட்டறையில் லோடுக்கு நின்றிருந்ததால் நான் அங்கே போய்க் கேமராவைப் பொருத்தினேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கற்பலகைகளை நிற்கவைத்து ஏற்றியிருந்தார்கள். நான் கேபினில் ஏறித் திரைக்கு ஒயர் கொடுத்து முடித்தபோது பட்டறை மேனேஜர் வந்து, வேறு லாரிக்கு வழி வேண்டும், கொஞ்சம் பின்னால் எடு என்றார். "இன்னும் செயின் கட்லையே சார்" என்று கோபிகிருஷ்ணன் சொன்னார். கொஞ்சம்தானே என்று மேனேஜர் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு கோபிகிருஷ்ணன் ரிவர்ஸ் கியர் போட்டார். திரையில் படம் வந்தது. வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் ட்ரெய்லரின் நிழலில் ஒரு கோணிக்குவியல் கிடப்பதையும், அதிலிருந்து ஒரு கை வெளியே நீண்டிருப்பதையும் பார்த்தேன். கையில் பச்சை வளையல் இருந்தது. நிறுத்து என்று நான் கத்துவதற்குள் அவரும் பார்த்து பிரேக் அடித்துவிட்டார். கற்பலகைகள் இடப்பக்கமாகச் சரிந்து விழுந்து உடைந்தன. திரையில் ஒரு பெண் எழுந்து, கோணியை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுப் பக்கம் ஓடினாள்.

மேனேஜர் ஓடி வந்தார். பின்னால் ஆள் இருந்ததாக நாங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனாலும் ஷெட்டுக்குள் போய்க் கூலிப் பெண்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். பிறகு கேபினில் இருந்த திரையைக் காட்டி, "டிவி சூஸ்தூ பண்டி நடிப்பாடு" என்றார். டிவி பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினான் என்று அதற்கு அர்த்தம். அப்படியே போலீசில் புகாரும் கொடுத்தார். அன்றிலிருந்து கோபிகிருஷ்ணனின் வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது.

மறுநாள் பட்டறையில் கூலி வேலை செய்யும் செல்லியம்மா என் கடைக்கு வந்தார். வளையலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "விடியக்காத்தால கழனி வேலைய முடிச்சிட்டு வரேன்மா. கண்ணு சொருகிடுச்சி. நானுதான்னு சொல்லிடாத, வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க" என்றார். அவர் போன பிறகு இதைக் கோபிகிருஷ்ணனிடம் சொன்னேன். அவர், "பேரு வேணாம்கா. ஆளு இருந்ததுன்னு மட்டும் சொல்லு" என்றார். பெயர் இல்லாத ஆளை யார் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சொன்னால் அந்த அம்மாவின் வேலை போகும், சொல்லாவிட்டால் இவர் லைசென்ஸ் போகும் என்ற யோசனையில் எனக்குக் கடை வேலை ஓடவில்லை.

அதன் பிறகு நேற்று செல்லியம்மா வீட்டுக்குப் போனேன். எதையும் வற்புறுத்தவில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன், ஆனால் பார்த்ததை நாளை ஸ்டேஷனில் சொல்வேன் என்றேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொட்டியில நான் எப்டிம்மா தெரிஞ்சேன்?" என்று கேட்டார்.

"கோணிய இஸ்து மூஞ்சில போட்டுக்கினு இருந்தீங்கக்கா. கை மட்டும் வெளிய இருந்துச்சி."

"சக்கரம் எவ்ளோ தூரத்துல?"

நான் கையை விரித்துக் காட்டினேன். அவர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கி நானும் வரேன், பேரச் சொல்லு" என்றார்.

இன்று காலை பட்டறைக்குப் போகாமல் என்னோடு வந்திருக்கிறார். ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைக் கோபிகிருஷ்ணன் இன்றுதான் பார்த்தார். எழுந்து நின்று, "துன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று அவர் சொன்னதும் ஓட்டலுக்குப் போய் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து பெஞ்சில் வைத்தார். நான் உள்ளே வரும்போது செல்லியம்மா அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதை எழுதி, தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தவிர வேறெதுவும் இதில் சொல்லவில்லை. இவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ரேகா