படம் பிடிக்கத் தெரியாத கைக்கணினி

என் சட்டைப்பை செய்த குற்றத்தைப் பொறுத்தருளிய தலைவர் அவர்களே! பூட்டுத் தொழிலில் பழுத்த பெரியவர்களே! எங்கள் கிரீஸ் சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே கை தேய்ந்த தாய்மார்களே! சாவி செய்வோர் சங்கத்தின் சகோதரர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மறைந்த நம் செயலாளருக்காக நீங்கள் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றபோது, "நீங்கள் சேர வேண்டிய இடத்திற்கு வந்துவிட்டீர்கள்" என்று ஒரு பெண்குரல் கேட்டதே, அது அசரீரி அல்ல. என் போன். அதனிடம் வழி கேட்டு வந்தேன், வாயடைக்கத் தெரியவில்லை. கையால் அமுக்கினேன், இன்னொரு முறை சொன்னது. முதல் வரிசையில் கைப்பையால் முகத்தை மறைத்திருப்பவள் என் மகள். எட்டாம் வகுப்பை இரண்டு ஆண்டுகள் ஆழ்ந்து படித்தவன் நான். என்னால் அவள் பட்ட வெட்கங்களில் இது சிறியது.

சிரித்தது போதும். நான் பயந்து வந்திருக்கிறேன். உங்களையும் பயமுறுத்த வந்திருக்கிறேன்.

நம் தொழில் என்ன? பூட்டு விற்பதா? சாவி தேய்ப்பதா? இல்லை! எந்தக் கதவில் எந்தப் பூட்டு, எந்தப் பூட்டுக்கு எந்த எண், எந்தத் தாழ்ப்பாள் தளர்ந்தது என்று எல்லாம் தெரிந்தும் எதுவும் தெரியாதவனாகத் தெருவில் நடப்பது!

பதினெட்டு ஆண்டுகள் அந்த எண்களை இதோ, இந்தக் கைக்கணினியில் வைத்திருந்தேன். உள்ளங்கை அளவு. கறுப்பு வெள்ளைத் திரை. குச்சியால் எழுத வேண்டும். சிம் இல்லை, கேமரா இல்லை. ஒருநாள் பேட்டரி வீங்கி முதுகு பிளந்தது. மகள் புதுப் போனை நீட்டினாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குப்பா இந்தச் செங்கல்லக் கட்டிக்கிட்டு அழுவீங்க?"

"எல்லா நம்பரும் அதுலதானம்மா இருக்கு."

"இதுல ஏத்திக்கலாம். கடைக்கு இன்டர்நெட்ல ஒரு பக்கமும் போட்டுத் தரேன். கேக்குறதுக்கெல்லாம் சரின்னு அமுக்குங்க, போதும்."

அமுக்கினேன். முகவரிகளைப் பார்க்கட்டுமா என்றது; சரி. இருக்குமிடத்தை அறியட்டுமா என்றது, சரி. எடுக்கும் படத்தையெல்லாம் கடைப் பக்கத்தில் போடட்டுமா என்றது. சரி, சரி, சரி! கட்டிய மனைவியிடம்கூட அத்தனை சரி சொன்னதில்லை. அதோ, ஓர் அம்மா பலமாகக் கை தட்டுகிறார். அவர்தான் என் மனைவி.

அந்த வாரம் ஒரு தையல்காரம்மாவுக்குப் பூட்டு மாற்றினேன். கணவனின் அடிக்குத் தப்பி, ஐந்து வயது மகளோடு வந்து மறைந்திருந்தவர். பழைய வீட்டுப் பூட்டும் நான் போட்டதுதான். அந்த நம்பிக்கையில் அழைத்திருந்தார்.

"நாங்க இங்க இருக்குறது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அண்ணே."

"எனக்கே பாதி நேரம் நான் எங்க இருக்கேன்னு தெரியாதும்மா" என்றேன். சிரித்தார். வேலை முடிந்த பெருமையில் கதவை ஒரு படம் எடுத்தேன்.

மறுநாள் மதியம் கடையில் போன் அடித்தது. ஓர் ஆண்குரல்.

"அண்ணே, உங்க பக்கத்துல படம் பார்த்தேன். பிரமாதமான வேலை! தெருப் பேரு, கட்டடப் பேரு எல்லாம் கீழயே போட்டிருக்கே. அந்த வாசல்ல கெடக்குற கால்மிதி, துண்டுத்துணி வெச்சுத் தைச்சது... நம்ம வீட்டம்மா கைவேலை மாதிரியே இருக்கு."

அப்போதுதான் குரல் யாருடையது என்று விளங்கியது. போனை வைத்தேன். ஓடினேன். தாய்மார்களே, இந்தத் தொப்பையோடு ஓடினேன்!

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் திட்டவில்லை, அழவில்லை. குழந்தையைத் தூக்கினார். தையல் மிஷினை ஒருமுறை பார்த்தார். விட்டுவிட்டார். இறங்கப் போனோம், கீழே செருப்புச் சத்தம். மேலே ஏறினோம், மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் பூட்டுத் திறப்பவன், கருவிப்பையைக் கடையிலேயே விட்டுவிட்டு, அந்தக் கதவில் முதுகை ஒட்டி நின்றேன்.

முதல் மாடியில் அந்தச் செருப்பு நின்றதா? நிற்கவில்லை. இரண்டாம் மாடியில் நின்றதா? தயங்கக்கூட இல்லை. மூன்றாம் மாடியில், நேராக அந்தக் கதவின் முன்னால் போய் நின்றது. மனைவியைப் பெயர் சொல்லி, மெதுவாக, அன்பாக அழைத்தார் அந்தக் கணவர். அந்த அன்பைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

அப்போது நினைவு வந்தது. சட்டைப்பையில் போன்! இப்போது அது பேசினால்? எடுத்தேன், எதை அமுக்குவது? அந்தக் குழந்தை என் கையிலிருந்து வாங்கி, ஓசையில்லாமல் அதை அணைத்துத் திருப்பிக் கொடுத்தது. ஒளியப் பழகிய குழந்தை!

என்ன அங்கே? மாடி எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாரா தம்பி? தெருவையும் கட்டடத்தையும் காட்டிக்கொடுத்த கருவிக்கு ஒரு மாடியா பெரிது, தம்பி! கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்.

அரைமணி நேரம் கழித்துச் செருப்பு இறங்கியது. தாயும் மகளும் இன்று வேறிடத்தில் இருக்கிறார்கள். எங்கே? எனக்குத் தெரியும், இந்தக் கைக்கணினிக்குத் தெரியும். ஆம், அதற்கு வேறு பேட்டரி போட்டு, ரப்பர் பட்டையால் கட்டி எழுப்பிவிட்டேன். குச்சி தொலைந்தது, மை தீர்ந்த பேனாவால் எழுதுகிறேன். பேட்டரி செத்தால் எல்லாம் மறந்துவிடும். ஆகவே சனிக்கிழமைதோறும் உள்ளே செருகும் சிறு அட்டையில் நகல் எடுக்கிறேன்.

பழையதா? பழையதுதான். மெதுவா? மெதுவாகத்தான். படம் பிடிக்கத் தெரியுமா? தெரியாது! இருக்குமிடம் சொல்லத் தெரியுமா? தெரியாது! ஊருக்கு ஓதத் தெரியுமா? தெரியாது! தெரியாது என்பதே அதன் திறமை! தெரியாது என்பதே நம் தொழிலின் தர்மம்!

உங்கள் அலமாரியில் உறங்கும் கைக்கணினிகளை எழுப்புங்கள். மண்டபத்தின் பின்னால் மேசை போட்டு ரேடியோ மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி மாற்றித் தருவார். போனில் பேசுங்கள், பாட்டுக் கேளுங்கள். பிறர் வீட்டுச் சாவியை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள்! பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும், பயந்து பார்த்த கண்களுக்கும் நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

இவ்வளவும் மேடையில் சொன்னேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தத் தம்பி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பிரமாதமான வேலை என்று போனில் யாரோ புகழ்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கால்மிதியைப் பற்றி அவர் பேசுவதற்கு முன்பே, "பின்னே, மூணாவது மாடி வரைக்கும் தூக்கிட்டுப் போய் மாட்டினதாச்சே!" என்று சொன்னவன் நான்.