பெண்கள் கழிவறையைப் பார்வையிடாதது குறித்து

பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் கொடுத்தபடி. வயது இருபத்து நான்கு. தணிக்கை அலுவலகத்தில் உதவித் தணிக்கையாளர், இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை. தகப்பனார் சுமை தூக்கும் தொழிலாளி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் விசாரணை அதிகாரி முன் இதைச் சொல்கிறேன்.

அரசுப் பணத்தில் கட்டியவை கணக்கில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று நேரில் பார்ப்பதும் எங்கள் வேலை. அந்த வகையில், அரசு மருத்துவமனையின் பிரசவப் பிரிவுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய பெண்கள் கழிவறையைப் பார்வையிட என்னை அனுப்பினார்கள். குழுவில் பெண் நான் மட்டும்தான். உள்ளே போய், கதவைத் தாழிட்டு, தரையில் நின்று, தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

மருத்துவமனையின் பொறியாளரும், கட்டிய ஒப்பந்ததாரரும், அவருடைய ஆட்கள் இருவரும் கூட வந்தார்கள். கதவருகே போனதும் பொறியாளர், "ஆடிட்டுன்னா ஃபைலத்தானே பாப்பாங்க, நீங்க என்ன மேடம் கக்கூஸையெல்லாம் பாக்குறீங்க?" என்றார். ஒப்பந்ததாரர், "போயிட்டு வாங்க மேடம். வேணும்னா நாங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறோம்" என்றார். நால்வரும் சிரித்தார்கள். ஒருவர் நிஜமாகவே திரும்பி நின்றார். கதவுக்கு மேலே திறப்பாக இருந்ததால் உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் அவர்களுக்குக் கேட்கும் என்று நினைத்தேன். அதன்பின் நான் உள்ளே போகவில்லை, கதவைத் திறக்கவும் இல்லை. வெளிச்சுவரில் தாளை வைத்து, தரை, தண்ணீர், தாழ்ப்பாள் எல்லாம் நல்ல நிலையில் உள்ளன என்று ஆய்வறிக்கை எழுதிக் கையொப்பமிட்டேன்.

அப்படிக் கழிவறையைப் பார்வையிடாமல் வெளியே நின்றபோது எனக்கே கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. தலைமை மருத்துவரின் அறையை ஒட்டிய கழிவறையின் சாவியைக் கேட்டு வாங்கி, அங்கே போய்விட்டு அலுவலகம் திரும்பினேன்.

என் அறிக்கையை வைத்துப் பழைய கழிவறையைப் பூட்டிவிட்டு, பெண்களைப் புதியதற்கு அனுப்பியிருக்கிறார்கள். சென்ற வாரம் அதன் தரை உடைந்து, மகளின் பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த ஒரு அம்மா கீழே இருந்த மலத்தொட்டிக்குள் விழுந்தார். தரையில் கம்பியே போடவில்லை என்று இப்போது தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே கால் வைத்தால் ஆடியது என்று துப்புரவுப் பணியாளர்கள் சொல்கிறார்கள்.

அதன்பின் அவரைப் பார்க்கப் போனேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். "யாரு கண்ணு நீ?" என்றார். பக்கத்து வார்டு என்று பொய் சொன்னேன். "அங்க விழுந்தேன்னு சொல்லவே கூசுது கண்ணு. சம்பந்தி வீட்டாளுங்க முன்னாடிதான் என்னைக் கழுவி விட்டாங்க" என்றார். தன்மேல் இன்னும் வாடை வீசுவதாக நினைத்துப் பேரக்குழந்தையைப் பக்கத்தில் விட மறுக்கிறார் என்று மகள் சொன்னார். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

பொறியாளரும் ஒப்பந்ததாரரும் இப்போது என் அறிக்கையைக் காட்டி, தணிக்கையே பார்த்துச் சரி என்றது, தங்கள்மேல் தவறில்லை என்கிறார்கள். என் மேலதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, "உள்ள போனேன், அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிடும்மா. உனக்கும் வேலை தங்கும், ஆபீஸ் மானமும் தப்பிக்கும்" என்றார். அதை வீட்டில் சொன்னேன். அம்மா, "நாலு ஆம்பள சிரிச்சான்னா உள்ள போகாம வந்த?" என்று மட்டும் கேட்டார். அப்பா தினமும் என் அடையாள அட்டையைத் துடைத்துக் கையில் தருவார். இன்று அதை நானே ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். நான் உள்ளே போகவில்லை. போயிருந்தால் தரை ஆடியது தெரிந்திருக்கும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'கழிவறையைப் பார்வையிட்டபோது' என்று இருந்தது. வழக்கமாக அப்படித்தான் எழுதுவது என்றார் எழுத்தர். அதை அடித்துவிட்டு, 'பார்வையிடாமல் வெளியே நின்றபோது' என்று மாற்றச் சொன்னேன். மற்றவை நான் சொன்னபடியும் நடந்தபடியும் உள்ளன. அடித்த இடத்தின் அருகிலும் கீழேயும் இருப்பவை என் கையொப்பங்களே.