காப்புக் கட்டிய கையும் கத்தரிக்கோலும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, ஆன்றோரே, சான்றோரே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து அமர்ந்திருக்கும் அன்னையரே, சுகாதார நிலையத்து அன்பர்களே! ஐப்பசியில் ஏரி உடையும் என்று ஆவணியிலேயே அறிவித்தவன் அடியேன். ஆழ்துளைக் கிணறு போடும் என் ரிக் வண்டியின் கூரைக்கு எறும்புகள் முட்டையோடு ஏறின. பார்த்தேன், பறைசாற்றினேன். கேட்டீர்களா? அங்கே சிரிக்கும் தம்பி, அன்றும் முதலில் சிரித்தவன் நீதான்.

உடைந்தது ஏரி. ஒதுங்கினோம் பள்ளிக்கூடத்தில். மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம். கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. பண்டிகை முடியும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது. நமக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்த மருத்துவருக்குத் தெரியுமா?

இதோ முன்வரிசையில் இருக்கும் தங்கை கோகிலவாணியைக் காப்புக் கட்டிய கையிலேயே அன்று பாம்பு தீண்டியது. பாம்பா அது? பனைமரம்! புறங்கை வீங்குகிறது, மஞ்சள் கயிறு சதைக்குள் புதைகிறது. மருந்தேற்ற மறுகையை நீட்டினாள். ஆனால் மருத்துவர் தனபால் கத்தரிக்கோலை எடுத்து, உடனே நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றதும், காப்புக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கவுத்த வெட்டாதீங்க சார். எல்லையும் தாண்ட மாட்டனுங்க. எனக்கு ஆனா ஆவட்டும், ஊருக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுங்க."

மருத்துவர் மிரட்டினார். கணவன் கெஞ்சினான். நான் கர்ஜித்தேன். பலித்ததா? இல்லை. செவிலியர் ரஞ்சிதா மட்டும் கத்தரிக்கோலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, இந்தக் கவுத்த யாரு அவுத்தா அம்மனுக்குச் சம்மதமுங்க?"

பூசாரி அருணகிரி என்றாள் தங்கை. கழுத்தளவு வெள்ளத்தில் அவரை என் தோளில் சுமந்து வந்தேன். அவர் கயிற்றை அவிழ்த்து, வேப்பங்கொத்தில் கட்டி, அவள் மடியில் வைத்தார். பிறகு அம்மனிடம் பூக் கேட்டோம். சிவப்பு வந்தால் எல்லை தாண்டக் கூடாது. வெள்ளை வந்தால் தாண்டலாம். வந்தது வெள்ளை! புறப்பட்டது டிராக்டர்! பிழைத்தது கை, பிழைத்தது உயிர்!

பெரியோர்களே, வெள்ளம் பானையைக் கொண்டுபோகும், பாயைக் கொண்டுபோகும். பக்தியைக் கொண்டுபோகுமா? அதை மார்போடு அணைத்துத்தானே மனிதன் முகாமுக்கு வருகிறான்? நாடி பார்க்கும் கை, அதையும் தொட்டுப் பார்க்க வேண்டாமா?

என்ன தங்கச்சி, எழுந்துவிட்டாய்?

"பூ எப்பங்கண்ணா கேட்டீங்க? கோயிலே தண்ணிக்குள்ளயல்ல கெடந்துச்சு."

சரி. சபையில் மறைப்பானேன்? பூக் கேட்ட கதை நானாகச் சேர்த்தது. எல்லை தாண்ட வாக்குச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்று பூசாரி கைகூப்பிவிட்டார். "நீங்களே அம்மன்கிட்டக் கேளுங்க்கா" என்று ரஞ்சிதா ஒதுங்கி நின்றாள். ஒரு நொடியும் வீணாகக் கூடாது என்று அறிந்த மருத்துவரும் ஓரடி பின்னால் நகர்ந்தார். தங்கை கோயில் திசை பார்த்துக் கண் மூடினாள். திறந்தாள். வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு தானே டிராக்டரில் ஏறினாள்.

அம்மன் என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். பொறுமையோடு செவி கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் தலை தாழ்ந்த நன்றி, வணக்கமுங்க.